பெருக்க மரத்தின் பிள்ளைகள்

மன்னார்ப் பட்டினத்திலிருந்து பள்ளிமுனை அதிக தூரமன்று. ஆயினும், அங்கு நிற்கும் பெருக்க மரத்தைக் காணாது திரும்புவோர் மன்னாரைக் கண்டவராகார் என்பது எமது கருத்து. அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 64 அடி; உயரமோ 25 அடிதான். மரமென்பதிலும் இலை துளிர்த்த கோட்டைச் சுவரென்றே சொல்லத் தோன்றுகின்றது. 1477ஆம் ஆண்டில் நடப்பட்டதென்பர். அராபிய வணிகர் தம் ஒட்டகங்களுக்குத் தழை வேண்டி இவ்வினத்தை ஆபிரிக்காவிலிருந்து கொணர்ந்தனர் என்பது செவிவழிச் செய்தி.

மரத்தடியில் நின்று சுற்றிலும் நோக்கினோம். கிழவர் நிற்கின்றார், பேரப்பிள்ளை ஒன்றையேனும் காணோம்! காரணம் இல்லாமலில்லை. பெருக்க வித்தின் தோல் மிகக் கடினமானது. நீர் எளிதிற் புகாது. ஆபிரிக்காவில் யானைகளும் குரங்குகளும் காயைத் தின்று வித்தைப் பரப்புகின்றன. இங்கே தப்பித்தவறி முளைக்கும் கன்றும், தீவெங்கும் உலாவும் ஆடுகளுக்கும் கழுதைகளுக்கும் தப்புவது அரிது. ஆகவே, கன்று வளர்க்க ஏற்ற இடம் வெளிவளவன்று, வீட்டு விறாந்தையே.

அயலிலுள்ள ஒரு வீட்டு விறாந்தையில் அவ்வாறே சில சட்டிகள் வரிசையாக இருந்தன. வீட்டுக்கார மூதாட்டியார் முறையை விளக்கினார். காயை உடைத்து, புளிப்பான வெண்சதையைக் கரைத்து நீக்கிவிட்டு வித்துகளை எடுக்க வேண்டும். கொதிக்கவைத்து இறக்கிய நீரில் அவற்றைப் போட்டு ஓரிரவு ஊறவிட வேண்டும். பின்னர் மணல் கலந்த மண்ணில் விரற்கணு ஆழத்தில் ஊன்றி, வெயில் படும் ஓரத்தில் வைத்து, அளவாக நீர் தெளித்து வரவேண்டும். சில வித்துகள் மூன்று வாரத்தில் முளைக்கும். சிலவோ மாதக்கணக்கில் உறங்கும். நம்பிக்கையிழந்து மண்ணைக் கொட்டுவோர் உயிருள்ள வித்தையும் சேர்த்தே கொட்டிவிடுகின்றனர்.

ஒரு சட்டியில், ஒற்றையிலைகளுடன் ஒரு கன்று நின்றது. பெருக்க மரத்தின் இலையோ விரித்த கைவிரல்கள் போன்றது. அதன் தாவரவியற் பெயரான அடன்சோனியா டிஜிற்றாற்றாவின் பிற்பகுதியும் விரல்களையே குறிக்கும். ஆதலின், இது ஏதோ களையென்று கருதிக் கையை நீட்டினோம்.

"பிடுங்கிப் போடாதையுங்கோ பிள்ளையள்! அது தாயைப் போல இப்ப இராது" என்றார் மூதாட்டியார்.

உண்மைதான். இளங்கன்று முதலில் ஒற்றையிலைகளையே விடும். விரலிலைகள் பின்னரே தோன்றும். தாவரவியல் கற்கும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்க.

அடுத்த சட்டியிலும் விதைக்காத முளையொன்று இருந்தது. புளியிலை போலச் சிற்றிலைகள். தண்டில் முள் அரும்பியிருந்தது. அஃது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக்கருவேல். ஆடுமாடுகள் அதன் இனிய நெற்றைத் தின்ன, வித்து சேதமின்றிச் சாணத்தோடு வெளிவரும். மக்காத எருவைச் சட்டியிலிட்டால், உரத்தோடு இவ்விருந்தாளியும் வந்துவிடும்! 2010இல் றாம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்திலும் இது பரவித் தொல்லை தருகின்றது. அழகாயிருக்கின்றதேயென்று இரக்கங்காட்டலாகாது. மூதாட்டியார் அதை வேரோடு பிடுங்கி வெயிலில் எறிந்தார்.

பெருக்கங் கன்றின் ஆணிவேர் கிழங்குபோலப் பருத்துக் கீழிறங்கும். எனவே, ஆழமான சட்டியே வேண்டும். வேர் முட்டுமுன் நிலத்துக்கு மாற்றவும் வேண்டும். ஐப்பசி மழை தொடங்குங் காலமே அதற்கு உகந்தது. நட்டபின் சுற்றிலும் பனங் கருக்குமட்டையை நெருக்கமாக நாட்டி அடைத்துவிட வேண்டும். ஆட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தில் கொழுந்து நிற்கும் வரை அவ்வேலியை அகற்றலாகாது.