இளைப்பாறும் இடம்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்தில் முன்னாளிற் சுமைதாங்கிகள் பல நின்றன. ஆள் நின்ற நிலையிலேயே தலைச்சுமையை இறக்கிவைக்கக்கூடிய உயரத்தில் அமைந்த கற்கட்டுகள் அவை. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவற்றைக் கட்டுவித்தல் வழக்கம். லொறியும் மோட்டார் வண்டியும் வந்தபின் அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. இக்காலத்து மாணவர் பலர் அவற்றைப் பார்த்தும் இன்னதென்று அறியமாட்டார். சந்தைக்குக் கடகம் சுமந்து செல்பவர், பிறர் கை கொடுக்காமலே சுமையை அதன்மேல் இறக்கலாம். களைப்புத் தீர்ந்தபின், பிறர் தூக்கிவிடாமலே அதைத் திரும்பவும் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்கலாம். இந்த இரண்டாவது செய்தியை நாம் கவனிக்க வேண்டும். சுமைதாங்கி எவருடைய சுமையையும் இல்லாமற் செய்வதில்லை.

தமிழ் வேதாகமத்தில் வரும் ‘இளைப்பாறுதல்’ என்னும் சொல்லை எண்ணும்போதெல்லாம் எமக்கு இந்தக் கல்லே நினைவுக்கு வரும். இளைப்பு ஆறுதல் என்பதுதான் அச்சொல். சுமை ஒழிதல் என்பதன்று. மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 11ஆம் அதிகார முடிவில், பாரத்தினால் அலுத்துப்போனவர்களை இயேசு தம்மிடம் அழைக்கிறார். அழைத்த கையோடு நுகத்தைப் பற்றிப் பேசுகிறார். நாம் ஞாயிறு பாடசாலையிற் படித்த நாளில், இளைப்பாற வந்தவன் கழுத்தில் நுகத்தைப் பூட்டுவது என்ன நியாயம் என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். வண்டில் வைத்திருந்த வீட்டுப் பிள்ளை அவன். ஆசிரியை சற்று யோசித்து, “நுகமெண்டால் ரெண்டு மாடு வேணுமெல்லே, தம்பி” என்றார். அவ்வளவோடு பாடம் முடிந்தது. அந்த விடையின் ஆழம் எமக்குப் பிடிபடப் பல்லாண்டுகள் சென்றன.

விசுவாசம் தரும் இளைப்பாறுதலை உறக்கம் போன்றதென்று கருதுவோர் இரு திறத்தாரிலும் உளர். கேள்விகளெல்லாம் ஓய்ந்துபோன நிலை அதுவென்று விசுவாசிகளிற் சிலர் அதனைப் புகழ்கின்றனர். அதே காரணத்தால் அவிசுவாசிகள் அதனை இகழ்கின்றனர். எமக்கு இரண்டும் உடன்பாடல்ல.

நாஸ்திகம் என்றவுடன் ஒழுக்கக்கேட்டை நினைப்பது நம்மவரிடையே ஒரு கெட்ட பழக்கம். பேர்ட்றண்ட் றஸ்ஸல் தாம் ஏன் கிறிஸ்தவர் அல்லர் என்பதை விளக்கி 1927ஆம் ஆண்டு இலண்டனிற் சொற்பொழிவாற்றினார். அப்பேச்சு நூலுருவில் உலகெங்கும் பரவிற்று. பேராதனையில் நாம் கற்ற நாளில், அந்நூல் விடுதி அறைகளிற் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்து கிடந்தது. முதலாம் உலகப் போரை எதிர்த்தமைக்காக 1918இற் சிறை சென்றவர் றஸ்ஸல். அணுவாயுதங்களை எதிர்த்து 1961இலும், தமது 89ஆம் வயதில், மீண்டும் சிறை புகுந்தார். ஆலயத்தில் முன்வரிசையில் அமரும் நம்மிற் பலருக்கு அந்தத் துணிவு வாராது. ஆகவே, நல்லவர் எவர் என்பதன்று எமது வினா. மனிதன் களைத்துப்போகும்போது, அவன் நெஞ்சின் பாரத்தை எங்கே இறக்குவது என்பதே.

அந்த நூலை எமக்குத் தந்தவர் ஒரு நண்பர். கணிதம் கற்றுக்கொண்டிருந்தார். கடவுள் இல்லை என்பது அவருக்குக் கணக்கின் விடை போலத் தெளிவாக இருந்தது. அதைச் சொல்வதிலும் அவரிடம் ஆரவாரமில்லை. நாம் அவரோடு வாதிட்டு வென்றதாக நினைவில்லை. அவரைப் பற்றிப் பின்னரும் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கு முன், அவிசுவாசத்திலே பல்லாண்டு வாழ்ந்து, அங்கே இளைப்பாற இடங்காணாத ஒருவரது வரலாற்றைச் சொல்லுதல் பொருத்தமாகும்.

சி. எஸ். லூயிஸ் 1898ஆம் ஆண்டு பெல்பாஸ்ட் நகரிற் பிறந்தவர். 1908இல், அவருக்கு ஒன்பது வயதாக இருக்கையில், தாய் புற்றுநோயால் இறந்தார். தாயைக் காப்பாற்றும்படி சிறுவன் செபித்தான், தாய் பிழைக்கவில்லை. சில வாரங்களுள் இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டான். பதின்பருவத்திலேயே விசுவாசம் கழன்றுவிட்டது. பத்தொன்பதாவது பிறந்தநாளில், 1917 நவம்பரில், பிரான்சின் போர் அகழிகளுக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு ஏப்ரிலிற் காயமடைந்து திரும்பினார். 1919இல் வெளிவந்த அவரது முதல் நூல் ஒரு கவிதைத் தொகுதி. அதிலே, தாம் நம்பாத கடவுளை அவர் கடிந்துகொள்கிறார்!

பிற்காலத்தில் தம் வரலாற்றை எழுதும்போது இந்த முரணை அவரே எடுத்துக்காட்டினார். கடவுள் இல்லை என்று சாதித்துக்கொண்டே, அவர் இல்லாமற் போனமைக்காக அவர்மீது தாம் சினங்கொண்டிருந்ததாக அவர் ஒப்புக்கொள்கிறார். இதை வாசித்துச் சிரிப்பவர் சிரிக்கட்டும். எமக்குச் சிரிப்பு வரவில்லை. தாயை இழந்த பிள்ளையின் சினம் எங்கேயாவது போய்ச் சேரத்தானே வேண்டும்?

அவர் 1925இல் ஒக்ஸ்போர்ட் மோட்லின் கல்லூரியில் ஆசிரியரானார். கடவுள் உண்டென்பதை அங்கே, 1929இல், மிக்க தயக்கத்துடன் ஏற்றதாக எழுதியிருக்கிறார். (அவர் வரலாற்றை ஆராய்ந்த அலிஸ்டர் மக்கிராத் என்பவர், அது 1930ஆகவே இருக்கவேண்டும் என்கிறார். லூயிஸ் தேதிகளில் அவ்வளவு கவனமுள்ளவர் அல்லர்.) 1931 செப்டெம்பர் 19ஆம் திகதி இரவு, நண்பர்களான டொல்கீன், டைசன் ஆகிய இருவருடன் கல்லூரித் தோட்டத்து நடைபாதையில் உலாவினார். பேச்சு விடியற்காலம் வரை நீண்டது. ஒன்பது நாள் கழித்து, தமையனார் ஓட்டிய மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் அமர்ந்து, விப்ஸ்னேட் மிருகக்காட்சிச்சாலைக்குப் போனார். புறப்படும்போது இயேசு இறைமகன் என்பதை அவர் நம்பவில்லை. போய்ச் சேரும்போது நம்பினார். வழியில் அழவுமில்லை, அதைப் பற்றிப் பெரிதாகச் சிந்திக்கவுமில்லையாம். மனமாற்றம் என்றால் மின்னலும் இடியும் வேண்டுமென்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த மிருகக்காட்சிச்சாலை ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

“களைத்தவன் தனக்கு வேண்டியதைக் கற்பித்துக்கொள்கிறான், அதற்குப் பெயர்தான் விசுவாசம்” என்பர் சிலர். றஸ்ஸல் பேசிய அதே 1927இல், சிக்மண்ட் புரொய்ட் இக்கருத்தை ஒரு நூலாகவே எழுதி வெளியிட்டார். தந்தையின் காவலை விரும்பும் குழந்தை மனமே கடவுளைப் படைத்தது என்பது அவர் கட்சி. இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. ஆனால், லூயிஸ் விரும்பியது காவலையன்று. தம் வாழ்விற் பிறர் தலையிடாமல் விட்டாற் போதும் என்பதையே. அன்றியும், கடவுளை ஏற்றபின் ஏறக்குறைய ஓராண்டு வரை, மறுமை உண்டென்ற நம்பிக்கையே அவருக்கு இருக்கவில்லை. ஆறுதலுக்காகச் சமயத்தைக் கட்டியெழுப்புகிற ஒருவர் முதலில் கட்டுவது மறுமையையல்லவா? விருப்பம் மறுபக்கத்திலும் வேலை செய்யும். உலகத்துக்குப் பொருள் எதுவும் இல்லாதிருந்தால் தமக்கு வசதி என்பதால் இளமையில் அவ்வாறே எண்ணியதாக, அல்டஸ் ஹக்ஸ்லி 1937இல் வெளிப்படையாக எழுதினார். நாம் விரும்புவதால் ஒன்று மெய்யாவதுமில்லை, பொய்யாவதுமில்லை.

இதுவரை சொன்னவை புத்தக விஷயங்கள். இனி எமது வீட்டு விஷயம்.

2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. முல்லைத்தீவுக் கடலோரத்தில் மணமாகிக் குடியிருந்த எம் தங்கையைக் கடல் கொண்டுபோயிற்று. செய்தி கேட்டு நாம் புறப்பட்டபோது, வாகனத்தை ஒழுங்குசெய்து எம்முடன் வந்தவர் அந்தக் கணித நண்பரே. மூன்று நாட்கள் எம்மோடு நின்று, எமது உறவினர் அல்லாதோரின் உடல்களையும் தூக்கிப் புதைத்தார். அவரிடம் செபமில்லை, இரு கைகள் இருந்தன. அந்நாட்களில் அவை எமக்குப் போதுமாயிருந்தன.

அதன்பின் பல மாதங்கள் நாம் ஆலயத்துக்குப் போனோம், ஆனாற் பாடவில்லை. மற்றவர்கள் முழங்காலிட்டபோது நாம் ஆசனத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம். வீட்டில், இரவிலே, விளக்கை அணைத்துவிட்டு ஆண்டவரோடு சண்டை பிடித்தோம். தங்கை அன்று காலை எழுந்தது ஆராதனைக்குப் போவதற்காக என்பதை அவருக்கு எத்தனை தடவை சொன்னோம் என்பதற்குக் கணக்கில்லை. விடை எதுவும் வரவில்லை. ஆயினும், சொல்லி முடித்த இரவுகளிலே உறக்கம் வந்தது. அது ஏனென்று அப்போது எமக்குத் தெரியவில்லை.

அதை எமக்கு விளக்கியவர் அந்த நண்பரே. சில ஆண்டுகளின் பின் அவர் மனைவி நோயுற்று மறைந்தார். அந்தியேட்டி முடிந்து உறவினரெல்லாம் கலைந்தபின், முற்றத்து வாங்கில் இருவரும் பேசாமல் அமர்ந்திருந்தோம். திடீரென்று அவர், “உமக்குக் கோவிக்கவாவது ஓராள் இருக்கிறார். எனக்கு ஆர் இருக்கினம்?” என்றார். எம்மைக் குத்துவதற்காகச் சொல்லப்பட்ட சொல்லன்று அது. கணக்காசிரியர் ஒருவர், ஒரு வித்தியாசத்தைக் கண்டு, கண்டவாறு சொன்னார். மனைவியைக் கொன்றது கலங்களின் ஒரு கோளாறு என்பதை அவர் அறிவார். கோளாற்றைக் கோபிக்க இயலாது. முறையீடு நெஞ்சில் நிறைந்திருக்கிறது. அதைக் கேட்பதற்கு எவருமில்லை. லூயிஸ் இளமையில் எழுதிய கவிதைகளின் சினமும் இதுவே என்று எமக்குத் தோன்றியது.

அவ்விடத்தில் அவருக்குச் சமயம் போதிக்க நாம் முனையவில்லை. துக்க வீட்டிலே கட்சிக்கு ஆள் சேர்ப்பவர்களை எமக்குப் பிடிப்பதில்லை. அவர் இன்றும் விசுவாசி அல்லர். எமக்கு இன்றும் நண்பர். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எமது விசுவாசத்தை எமக்கே காட்டித் தந்தது. எமது பாரம் குறைந்திருக்கவில்லை. அதை இறக்கிவைக்க ஓர் இடம் இருந்தது. இருளிலே நாம் பேசியது சுவரோடு அன்று.

லூயிஸுக்கும் அந்தச் சோதனை இரண்டாவது முறை வந்தது. ஐம்பத்தேழு வயதில், 1956இல், அவர் மணந்த ஜோய் டேவிட்மன் என்ற அமெரிக்கப் பெண்மணியும் முன்னாளில் அவிசுவாசியாக இருந்தவரே. தாயைக் கொன்ற அதே நோய் 1960 ஜூலையில் மனைவியையும் கொண்டுபோயிற்று. விசுவாசத்தை விளக்கிப் பல நூல்கள் எழுதிப் புகழ்பெற்றிருந்த அவர், தம் துயரத்தைக் குறிப்பேடுகளில் எழுதி, 1961இல் வேறொரு பெயரில் வெளியிட்டார். அந்தச் சிறு நூலை மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்கவேண்டும். கடவுளைத் தேடிச் சென்றபோது, முகத்திலறைந்தாற்போற் கதவு சாத்தப்பட்டது என்கிறார். கடவுள் இல்லையோ என்பதன்று அவருடைய அச்சம். அவர் கொடியவராக இருப்பாரோ என்பதே. இவ்வளவையும் அவர் எவரிடம் சொல்கிறார்? அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுதான். நூலின் பிற்பகுதியில் தாழ்ப்பாள் தளர்ந்ததுபோன்ற ஓர் உணர்வு அவருக்கு வருகிறது. விடை கிடைக்கவில்லை, ஆனால் இந்த மௌனம் முந்திய மௌனம் போன்றதன்று. ஒன்பது வயதில் இழந்ததற்கு அவரிடம் சினம் மாத்திரமே இருந்தது. அறுபதை நெருங்கிக் கடந்த வயதில், சினத்தை ஏற்றுக்கொள்ள ஒருவரும் இருந்தார். 1963 நவம்பர் 22ஆம் திகதி லூயிஸ் காலமானார்.

இதற்கு வேதாகமத்தில் இடமுண்டா என்று கேட்கும் பக்தர்களுக்கு 88ஆம் சங்கீதத்தைக் காட்டலாம். (பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் அது 87 என்று எண்ணப்பட்டிருக்கும்.) முறையிட்டுத் தொடங்கும் மற்றைச் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஓரிடத்தில் திரும்பி, துதியில் முடியும். இது திரும்புவதில்லை. உற்றாரும் நண்பரும் அகன்றுபோனதைச் சொல்லி, இருளிலே முடிந்துவிடுகிறது. இதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஒரு வரியைக் கடைசியிற் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபைப் பொது வழிபாட்டு நூல், பெரிய வெள்ளிக்கிழமை மாலைக்குக் குறித்துள்ள சங்கீதங்களுள் இதுவும் ஒன்று. எமது சபையில் அன்று மாலை அதனை, குருவானவர் ஒரு வசனமும் நாம் ஒரு வசனமுமாக மாறி மாறி வாசிப்போம். கடைசி வசனம் முடிந்ததும் ஒருவரும் உடனே எழுந்திருப்பதில்லை. வெளியே நேரம் இருட்டிவரும். சிறிது பொழுது அப்படியே இருந்துவிட்டு, வாசலிற் கழற்றிய செருப்புகளை அவரவர் தேடி மாட்டிக்கொண்டு வீடு திரும்புவோம்.