கார்னெட்டின் நடுவே வெட்டுங்கள்

சிக்கிமில் டீஸ்டா ஆற்றையொட்டி மங்கனிலிருந்து சுங்தாங் போகும் சாலையில் பாறை அடுக்குகள் பெரும்பாலும் வடக்கே சாய்ந்து கிடக்கும். ஆற்றுக்கு எதிர்முகமாகப் போகப்போக மேலடுக்குகளுக்கு வந்து சேர்கிறோம். ஆழம் கூடக் கூடச் சூடும் கூடும் என்பதுதான் பொதுவிதி. இங்கோ அடியில், குறைந்த சூட்டில் பிறக்கும் கனிமங்களான குளோரைட், பயோடைட். அதற்கு மேல் கார்னெட், கயனைட். எல்லாவற்றுக்கும் மேலே, மிகுந்த சூட்டில் பிறக்கும் சில்லிமனைட். நிலத்தட்டுகள் மோதியபோது ஆழத்தில் வெந்த பாறைகள், சூடு குறைந்தவற்றின் மேல் ஏறி அமர்ந்துவிட்டன.

இந்தக் கதையைப் படிக்க எனக்கு வேண்டியது 0.03 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பாறைச் சீவல். அதற்கான வேலை சுத்தியலை ஓங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பாறை எந்தத் திசையில், எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அதன் மேலேயே குறித்துவிட்டுத்தான் உடைக்க வேண்டும். பிறகு, கனிமங்கள் தட்டையாக அடுக்கி நிற்கும் இழைத்தளத்துக்குச் செங்குத்தாக, கனிமங்கள் நீண்டு கிடக்கும் போக்கிலேயே அறுக்க வேண்டும். தேய்க்கும்போது குவார்ட்ஸ்தான் வழிகாட்டி. நுண்ணோக்கியில் குறுக்கு முனைவாக்கிய ஒளியில் அது மஞ்சளாகத் தெரிந்தால் சீவல் இன்னும் தடிமன்; சாம்பலாகிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு மிகப் பிடித்தது கார்னெட். வளரத் தொடங்கும்போதே சுற்றியுள்ள மாங்கனீசை அள்ளிக்கொள்வதால் நடுவில் அது மிகுந்தும் விளிம்பில் குறைந்தும் இருக்கும். வளர்ந்தபடியே விழுங்கிய சிறு குவார்ட்ஸ் மணிகள் சில கார்னெட்டுகளில் சுருளாக நிற்கும். வளரும் காலத்தில் பாறை நழுவிக்கொண்டிருந்ததற்கு அதுவே சாட்சி. ஆனால் நடுவே அறுத்தால்தான் இதெல்லாம் தெரியும். வேகவைத்த முட்டையை ஓரமாகச் சீவினால் மஞ்சள் கருவைப் பார்க்க முடியுமா?

சூடு ஏறக்குறைய 700 பாகை செல்சியஸைத் தாண்டி நீடித்தால் தனிமங்கள் படிகத்துக்குள் இடம்பெயர்ந்து நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அழித்துவிடும். அந்தக் கார்னெட் தன் இளமையை மறந்துவிட்டது என்றே சொல்வேன். அப்போது கயனைட்டைத் தேடுகிறேன். அதைத் தின்றபடி சில்லிமனைட் ஊசிகள் முளைத்திருந்தால், அழுத்தம் தளர்ந்தோ சூடு ஏறியோ இருக்கிறது என்று புரியும்.

இன்று கனிமங்களின் வேதி அளவுகளைக் கணினியில் இட்டால் வெப்பமும் அழுத்தமும் நொடியில் எண்களாக வந்துவிடுகின்றன. ஒன்றோடொன்று சமநிலையில் இல்லாத இரு கனிமங்களைக் கொடுத்தாலும் எண் வரும்; ஆனால் அதற்குப் பொருள் இருக்காது. பாறைகளைப் படிக்கும் இத்துறைக்கு வரும் பிள்ளைகளே, அந்த எண்ணை நம்புவதற்கு முன் நுண்ணோக்கியில் கண்ணை வையுங்கள். எது முதலில் பிறந்தது, எது பின்னால் வந்தது என்று உங்கள் கையாலேயே வரைந்து பாருங்கள்.