குடும்பங்களுக்கு மட்டும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடும் வேலை அவர்களுக்கு வாய்த்திருந்தால், அதையும் மூன்றாவதாகச் சேர்த்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. சென்ற ஆண்டு சித்திரையில் தேடத் தொடங்கினோம். ஆடி குறுக்கே வந்தது. ஆவணியில்தான் பால் காய்ச்சினோம். அந்த ஐந்து மாதங்களில் நான் கற்றவை பாடப் புத்தகத்தில் இல்லாதவை. ஆனாலும் வரலாறு பயிலும் மாணவி என்ற முறையில், அவற்றுக்கும் என் பாடத்துக்கும் தொடர்பு உண்டு என்றே கருதுகிறேன்.

நாங்கள் இருந்தது சிங்காநல்லூர்ப் பக்கம், ஒரு லைன் வீட்டில். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று புகழ்வார்களே, அந்தப் புகழை நூற்றவர்கள் வாழ்ந்த வீடுகள் அவை. ஒரே கூரை, ஒரே சுவர், வரிசையாகப் பத்துக் குடித்தனம். கடைசியில் பொதுக் குளியலறை. அப்பா ஓர் ஆலையில் வேலை பார்த்தார். ஆலை நின்றது, சில ஆண்டுகளில் அப்பாவும் மறைந்தார். அம்மா தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். மருத்துவமனை ஆர்.எஸ்.புரத்தை ஒட்டி இருந்தது. வீடோ பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால். மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி. கடைசிப் பேருந்துக்கும் முதற் பேருந்துக்கும் இடையில் சிக்கிக்கொண்ட நாள்களில், அம்மா வீடு வந்து சேரும் வரை அமுச்சி வாசற்படியை விட்டு எழுந்திருக்கமாட்டார். ஒருநாள் மழையில் நனைந்து, காய்ச்சலோடு அம்மா வந்து நின்றபோது, "போதும் கண்ணு, வேலைக்குப் பக்கமாப் போயிரலாம்" என்று அமுச்சிதான் முடிவு கட்டினார்.

ஆர்.எஸ்.புரம் என்றால் கோவையில் அறியாதார் இல்லை. இரத்தினசபாபதிபுரம் என்ற முழுப் பெயரைச் சொன்னால்தான் ஆட்டோ ஓட்டுநர் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்! நேர் நேரான சாலைகள், நிழல் மரங்கள், நடந்து போகும் தூரத்தில் பள்ளி, கோயில், மருந்துக்கடை, காய்கறிச் சந்தை. குழந்தை குட்டியோடு வாழ ஏற்ற இடம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதனால்தான் அங்கே வாயிற்கதவுகளில் தொங்கும் அட்டைகளில் 'வீடு வாடகைக்கு' என்பதற்குக் கீழே மறவாமல் இன்னொரு வரியும் இருக்கிறது: 'குடும்பங்களுக்கு மட்டும்.'

நாங்கள் குடும்பம் என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தோம். அம்மா, அமுச்சி, நான், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம்பி. ஆனால் ஒரு வீட்டில் நடந்த உரையாடல் இது:

"ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க?"

"அவரு இல்லீங்க. தவறிட்டாரு."

"அப்பொ ஆம்பளைத் துணைக்கு ஆருங்க?"

அம்மா தம்பியைக் காட்டினார். வீட்டுக்காரர் அவனைத் தலை முதல் கால் வரை அளந்தார்.

"ராத்திரி டூட்டி உண்டுங்களா?"

"மாசத்துல பத்து நாளுங்க."

"செரிங்க. சொல்லி அனுப்பறோமுங்க."

கொங்குத் தமிழின் மரியாதை பெரிது. 'இல்லை' என்பதைக்கூட ஒரு 'ங்க' சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தச் 'சொல்லி அனுப்பறோமுங்க' பதினொரு வீட்டில் கிடைத்தது. ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. சில வீடுகளில் விசாரணை வேறு வழியில் நடந்தது. "எந்த ஊருங்க?" என்று தொடங்கும். "அங்கெ எந்தப் பக்கமுங்க?" என்று நெருங்கும். பிறகு தயக்கமின்றி வந்துவிடும்: "நீங்க என்ன ஆளுங்க?" அம்மா அந்தக் கேள்விக்கு மட்டும் விடை சொல்லாமல் எழுந்துவிடுவார். உடன் எழும் அமுச்சி ஒருமுறை வாயிலில் நின்று, "அடுப்பெரியற ஊடெல்லாம் குடும்பந்தானுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார்.

முன்பணக் கதை இன்னொன்று. பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது இங்கே நெடுநாள் வழக்கம். தமிழக அரசு 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றும், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும் என்றும் அது கூறுகிறது. வீடு தேடும் நண்பர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முன்பணத்துக்குச் சட்டம் ஓர் அளவு வைத்துவிட்டது. சந்தேகத்துக்கு அளவு வைப்பது மனிதர்கள் கையில் அல்லவா இருக்கிறது!

கடைசியில் ஒரு பழைய வீட்டின் மாடிப் பகுதி கிடைத்தது. வீட்டுக்கார அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல். பிள்ளைகள் வெளியூரில். அம்மா முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்: கணவர் இல்லை, இரவு வேலை உண்டு, மூன்று மாத முன்பணந்தான் முடியும். அம்மையார் கேட்டது ஒரே கேள்வி: "தண்ணியைச் சிந்தாமப் பொழங்குவீங்களா?" கீழே அட்டையில் 'குடும்பங்களுக்கு மட்டும்' என்று இருப்பதைத் தம்பி துடுக்காக நினைவூட்டினான். அவர் சிரித்துவிட்டு, "இருபத்தெட்டு வருசமா நான் ஒண்டியாத்தான் இருக்கறேன். அப்பொ நான் குடும்பம் இல்லியா கண்ணு?" என்றார். மறுநாள் அந்த அட்டை அங்கே இல்லை.

குடிபோன நாளில் சாமான்கள் அனைத்தும் ஒரே 'சின்ன யானை' வண்டியில் அடங்கிவிட்டன. லைன் வீட்டுப் பெண்கள் உப்பும் மஞ்சளும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் கொடுத்து அனுப்பினர். ஆட்டுக்கல்லை விட்டுவர அமுச்சி ஒப்பவில்லை. இரண்டு ஆட்கள் அதை மாடிக்கு ஏற்றியபோது வாங்கிய கூலிக்கு ஒரு கிரைண்டரே வாங்கியிருக்கலாம் என்று தம்பி இன்றும் கணக்குச் சொல்கிறான்.

வந்த புதிதில், இந்தப் பகுதி எப்படி இவ்வளவு ஒழுங்காக அமைந்தது என்ற வினா என்னை விடவில்லை. கோவை நகராட்சி 1866-இல் அமைந்தது. அக்கால ஊர் என்பது கோனியம்மன் கோயிலைச் சுற்றியிருந்த கோட்டையும் பேட்டையுந்தான். இராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி என்று நெருக்கமான வீதிகள். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய ஆலையைத் தொடர்ந்து ஆலைகள் பெருகின, மக்களும் பெருகினர். அந்த நெருக்கத்தில்தான் கொள்ளைநோய் நுழைந்தது. 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையையும் விடவில்லை. மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அந்த அச்சத்தின் நினைவாகப் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் நம் நகரில் நிற்கின்றன.

பேட்டைக்கு வெளியே காற்றும் வெளிச்சமும் புகும் குடியிருப்பு வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது அப்போதுதான். நகருக்கு மேற்கே காடு தோட்டமாகக் கிடந்த நிலத்தில் அகன்ற சாலைகளோடு புதிய பகுதி எழுந்தது. நகராட்சித் தலைவராக விளங்கிய திவான் பகதூர் சி.எஸ்.இரத்தினசபாபதி முதலியாரின் பெயரை அது தாங்கியது. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொன்று சிறுவாணி. சிறுவாணி நீரைக் கோவைக்குக் கொண்டுவரலாம் என்று இதழாளர் சே.ப.நரசிம்மலு நாயுடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வாதாடினார். அந்தக் கனவு 1920-களின் இறுதியில்தான் குழாய் வழியே ஊருக்குள் வந்தது. கேரள அரசுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி கட்டிய பெரிய அணை 1984-இல் நிறைவேறியது. அம்மையார் 'தண்ணியைச் சிந்தாதே' என்றதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. குழாயைத் திறந்தால் வருவது எத்தனை பேருடைய வாதாட்டமும் வியர்வையும்!

இங்கேதான் என் சிந்தனை நின்றது. இன்று 'நல்ல இடம்' என்று நாம் சொல்லும் இந்தப் பகுதியில் பூர்வகுடி என்று யார் இருக்கிறார்கள்? காடு தோட்டமாய் இருந்த இடத்துக்கு எல்லோரும் வந்தவர்கள்தாம். ஒருவர் நெரிசலுக்கு அஞ்சி வந்தார். ஒருவர் தண்ணீரை நாடி வந்தார். ஒருவர் பிள்ளைகளின் படிப்புக்காக வந்தார். முன்னே வந்தவர் கதவைச் சார்த்திக்கொண்டு, பின்னே வருபவரை 'நீங்க என்ன ஆளுங்க?' என்று கேட்பது என்ன நியாயம்?

இப்போது அம்மா இரவுப் பணி முடிந்து பதினைந்து நிமிடத்தில் நடந்தே வந்துவிடுகிறார். விடியற்காலையில் அவருக்கு எதிர்ப்படுவோர் தெருக்கூட்டும் தூய்மைப் பணியாளர்கள். "வந்துட்டீங்களாம்மா" என்று கேட்கும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று அம்மா ஒருநாள் விசாரித்தார். எங்கள் பழைய வீட்டைவிடத் தொலைவு! பிளேக் வந்த காலத்திலிருந்தே தூய்மைதான் இப்பகுதியின் பெருமை. அந்தத் தூய்மையைத் தினமும் செய்து தருபவர்கள், 'குடும்பங்களுக்கு மட்டும்' அட்டை தொங்கும் கதவைத் தட்டினால் என்ன விடை கிடைக்கும்? அதை எண்ணிப் பார்க்கிறபோது எங்களுக்குக் கிடைத்த மாடி வீடு எனக்கு முழு மகிழ்ச்சியைத் தரவில்லை.

இழந்ததும் உண்டு. லைன் வீட்டில் குழாயடிச் சண்டை ஓயாது. ஆனால் அப்பா இறந்த இரவில் பத்து வீட்டு அடுப்பும் எரியவில்லை. இங்கே காம்பவுண்டுச் சுவர்கள் உயரம். முதல் மாதம் அமுச்சிக்குப் பேச ஆளில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருப்பார். தமிழகத்தில் 1999-இல் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தின் சந்தைகளுள் ஒன்று இங்கும் இருக்கிறது. ஒருநாள் நான் அவரை அங்கே அழைத்துப் போனேன். தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வெங்காயம் கொண்டுவந்த ஒரு பாட்டியோடு பேச்சுத் தொடங்கியது. அமுச்சி பிறந்த ஊர் அதற்கு அடுத்த ஊர்! அன்று முதல் காலை ஆறு மணிக்குப் பையோடு புறப்பட்டுவிடுகிறார். வாங்கிவருவது கால் கிலோ வெங்காயம். பேசிவருவது ஒரு மணி நேரம். சனிக்கிழமைகளில் வீட்டுக்கார அம்மையாரும் உடன் போகிறார். ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவு கீழ்வீட்டுக்கும் போகிறது.

நானும் பிழைத்துக்கொண்டேன். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை. கல்லூரிக்குச் செல்வதில் சிரமம் இல்லை. வழியெங்கும் பழைய ஓட்டு வீடுகள் இடிக்கப்படுவதையும், அந்த இடத்தில் அடுக்குமாடிகளும் துணிக்கடைகளும் எழுவதையும் பார்த்துக்கொண்டே போகிறேன். ஊர் மாறும், மாறட்டும். மரங்கள் நின்றால் போதும், குழாயில் தண்ணீர் வந்தால் போதும், வருகிறவரை உள்ளே விடும் மனம் இருந்தால் போதும்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆவோம். அன்று ஒரு தாய், ஒரு பாட்டி, இரண்டு பிள்ளைகள் நம் கதவைத் தட்டலாம். இரவுப் பணி முடித்த ஒரு பெண் தட்டலாம். தெருவைக் கூட்டியவர் தட்டலாம். வாடகையைக் கேளுங்கள், கேட்பது உரிமை. தண்ணீரைச் சிந்தாதீர்கள் என்று சொல்லுங்கள்; சொல்வது கடமை. வேறொன்றும் கேட்காமல் சாவியைக் கொடுங்கள்.