ஜவ்வாது மலையில் ஒரு மீல்மேக்கர் குழம்பு

எங்கள் ஊர் ஆம்பூர். ஆம்பூர் என்றவுடனே உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். சீரகச் சம்பா அரிசியில் தம் போட்ட பிரியாணி! அந்த வாசனையிலேயே பிறந்து வளர்ந்தவர் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இல்லாவிட்டால் அன்று ஞாயிறே இல்லை என்பார்.

அப்படிப்பட்டவருக்கு இரண்டு வருடங்களுக்கு முன் மார்வலி வந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கொடுத்த பட்டியலில் முதல் வரி, கொழுப்புள்ள ஆட்டுக்கறியை நிறுத்த வேண்டும் என்பது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை ஒரு போர்க்களம் ஆயிற்று. கறிக்குப் பதில் மீல்மேக்கர் போட்டுச் சமையுங்கள் என்று அக்கம்பக்கத்தில் யோசனை சொன்னார்கள். நானும் போட்டேன். “கறிக் குழம்புதான், சாப்பிடுங்க” என்று பரிமாறினேன். அவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். “ரப்பர் செருப்பை வேக வெச்சிருக்கே” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் அழுதேன். உயிரைக் காப்பாற்றப் பார்த்தால் இப்படியா என்று கோபம். பிறகு அந்த வீட்டில் மீல்மேக்கர் என்ற பேச்சே எழவில்லை. ஆனால் அவர் எனக்குத் தெரியாமல் கடையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருவது மட்டும் எனக்குத் தெரிந்தது.

இந்த நிலையில்தான் போன தை மாதம் என் நாத்தனார் கூப்பிட்டாள். அவள் ஜவ்வாது மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். “அண்ணாவை அழைச்சிக்கிட்டு நாலு நாள் வந்து இருங்க அண்ணி. மலைக் காத்து உடம்புக்கு நல்லது” என்றாள். புறப்பட்டோம்.

வாணியம்பாடியில் பஸ் மாறி, ஆலங்காயம் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு காற்றில் குளிர்ச்சி கூடிக்கொண்டே வருகிறது. வழியில் காவலூர். இங்கே இருக்கும் வான் ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி வைத்த பெரிய தொலைநோக்கி இங்கே இருக்கிறது. நம் நாட்டிலேயே உருவாக்கியது. 1986-ல் அதற்கு விஞ்ஞானி வேணு பாப்புவின் பெயரைச் சூட்டினார்கள். பஸ் ஜன்னல் வழியாக அந்த வெள்ளைக் கூண்டை எட்டிப் பார்த்த என் கணவர், “ராத்திரி முழுக்க ஆகாசத்தைப் பாக்கறவங்க என்ன சாப்பிடுவாங்களோ” என்றார். பாருங்கள், நட்சத்திரத்தைப் பார்த்தாலும் சாப்பாட்டு நினைப்புதான்!

காவலூரைத் தாண்டிப் போனால் ஜமுனாமரத்தூர். மலைக்கு இதுதான் பெரிய ஊர். போளூரிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் இங்கே பஸ் வருகிறது. படகு விடும் ஏரி ஒன்று ஊரிலேயே இருக்கிறது. சற்றுத் தள்ளி பீமன் அருவி. கடைத்தெருவில் சாமை, தேன், புளி எல்லாம் மலையிலிருந்தே வருகின்றன. இங்கே வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்று சொல்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ்தான். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

நாத்தனார் இருக்கும் சிற்றூர் அங்கிருந்து இன்னும் உள்ளே. மறுநாள் சனிக்கிழமை, பள்ளிக்கு விடுமுறை. “அண்ணி, இன்னைக்குச் சமையல் நம்ம சத்துணவு ஆயா. அவங்க கைக்குழம்பு சாப்பிட்டுப் பாருங்க” என்றாள். அந்தப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பல வருடங்களாகச் சமைக்கும் அம்மாள் அவர். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து வீடுதான். கையில் ஒரு எவர்சில்வர் டப்பாவுடன் வந்தார். மூடியைத் திறந்தால் உள்ளே... மீல்மேக்கர்!

எனக்குப் பகீர் என்றது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைத் திரும்பிப் பார்த்தேன். “வேணாம் ஆயா. இவருக்கு அது ஆகாது” என்று மெதுவாகச் சொன்னேன். நடந்த கதையையும் சொன்னேன்.

அந்த அம்மாள் சிரித்தார். “நீங்க கறின்னு சொல்லிப் போட்டீங்களா? கறின்னு சொன்னா நாக்கு கறியைத் தேடும்மா. கிடைக்காட்டி கோவம் வரும். இது பயறும்மா. பயறுன்னு நெனச்சி ஆக்குங்க” என்றார்.

எவ்வளவு பெரிய உண்மை! இத்தனை நாள் நான் அவரை ஏமாற்றப் பார்த்தேன். ஏமாற்றினால் யாருக்குத்தான் கோபம் வராது?

ஊரைச் சுற்றிப் பார்த்ததைச் சொல்கிறேன் என்று ஆரம்பித்துவிட்டுச் சமையலறைக்குள் புகுந்துவிட்டாளே என்று நினைக்கிறீர்களா? அன்று நான் அருவிக்குப் போகவில்லை. அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அங்கே பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் இது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சோயா பீன்ஸிலிருந்து எண்ணெயை எடுத்துவிட்டால் கொழுப்பு நீங்கிய மாவு மிஞ்சும். அந்த மாவில் நீர் கலந்து, மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும், நாம் முறுக்கு பிழிகிறோமே அது மாதிரி ஓர் இயந்திரத்தின் துளை வழியாகத் தள்ளுகிறார்கள். வெளியே வந்தவுடன் உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி வெடித்துப் போகும். மாவு பொரிந்து, கடற்பஞ்சு மாதிரி கண்கண்ணாக நின்றுவிடும். அதனால்தான் ஊறினால் இறைச்சி மாதிரி நார் நாராக இருக்கிறது. அமெரிக்காவில் 1960-களில் வந்த முறை இது. அதே காலத்தில்தான் நம் நாட்டில் பந்த்நகர், ஜபல்பூர் விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமெரிக்க இல்லினாய் பல்கலைக்கழகத்தின் உதவியுடன் சோயா பயிரைப் பரப்ப முனைந்தன. இன்று மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் அது பெரும் பயிர். மீல்மேக்கர் என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர். நம் தமிழ்நாட்டில் அதுவே பொருளின் பெயராகிவிட்டது.

நம் அரசுப் பள்ளிகளுக்கும் இது வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார் அல்லவா? 2013-ல் அந்தத் திட்டத்தில் கலவை சாதங்களைக் கொண்டு வந்தபோது, பட்டியலில் மீல்மேக்கர் காய்கறி சாதமும் முட்டையுடன் இடம் பெற்றது. “மொதல்ல புள்ளைங்க பொறுக்கி எறிஞ்சிதுங்க. அப்புறம்தான் பக்குவம் புடிபட்டுச்சு. இப்ப நான் வீட்டுக்கும் வாங்கி வெச்சிக்கிறேன். எங்களுக்குக் கறின்னா திருவிழாவுக்கு ஆடு வெட்டினாத்தான். நடுவுல ஆசைப்பட்டா டவுனுக்குப் போவணும். இது டப்பாவுல கெடக்கும், பிரிட்ஜும் வேணாம்” என்றார் ஆயா.

பக்குவம் என்ன என்று கேட்டேன். என் தவறுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. நான் காய்ந்த உருண்டைகளை அப்படியே கொதிக்கிற குழம்பில் போட்டுவிடுவேன். அது குழம்புத் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு, பச்சைப் பயறு வாடையோடு, நடுவில் உப்பு உறைப்பு ஏறாமல் நிற்கும். ரப்பர் என்று அவர் சொன்னது சரிதான்!

ஆயா செய்த விதம் இது. நாலு பேருக்கு 100 கிராம் போதும். ஊறினால் ஏறத்தாழ மூன்று மடங்கு எடை ஆகிவிடும்.

ஒரு லிட்டர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஒரு ஸ்பூன் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் போட்டு, மீல்மேக்கரைப் போட வேண்டும். இரண்டு நிமிஷம் கொதித்ததும் இறக்கிப் பத்து நிமிஷம் மூடி வையுங்கள். பிறகு வடித்து, பச்சைத் தண்ணீரில் போட்டுப் பிழியுங்கள். நுரையும் மங்கலுமாக நீர் வரும். இரண்டு மூன்று முறை, நீர் தெளியும்வரை அலசிப் பிழிய வேண்டும். வாடை போவது இதில்தான். கடைசி முறை ஒட்டப் பிழிந்துவிடுங்கள். பிழிந்த பஞ்சுதானே மறுபடி உறிஞ்சும்?

பெரிய உருண்டைகளை இரண்டாக நறுக்கி, இரண்டு மேஜைக் கரண்டி தயிர், ஒரு மேஜைக் கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பிசறி அரை மணி வையுங்கள். இந்த அரை மணியில்தான் ருசி உள்ளே இறங்குகிறது. வாணலியில் இரண்டு மேஜைக் கரண்டி எண்ணெய் விட்டு, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயம், மூன்று தக்காளி வதக்குங்கள். பிசறிய மீல்மேக்கரைப் போட்டு ஐந்து நிமிஷம் பிரட்டி, இரண்டு ஸ்பூன் தனியாத்தூள், தேவையான நீர் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். மூன்று மேஜைக் கரண்டி தேங்காய், ஒரு ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சோம்பு அரைத்து விடுங்கள். கடைசியில் ஒரு பிடி முருங்கைக்கீரை. கீரை வெந்ததும் இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

எலுமிச்சை ருசிக்கு மட்டும் அல்ல. சோயாவில் இரும்புச் சத்து இருந்தாலும், அதிலுள்ள ஒரு பொருள் அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி போன்றவற்றின் வைட்டமின் ‘சி’ இரும்பு சேர உதவும். இரத்தசோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் இதைக் கவனிக்க வேண்டும். சாப்பிட்டவுடன் காப்பி, டீ குடிப்பதையும் தள்ளிப் போடுங்கள்.

பாக்கெட்டில் 100 கிராமுக்கு 52 கிராம் புரதம் என்று போட்டிருக்கும். துவரம் பருப்பில் சுமார் 22 கிராம்தான். ஆனால் 52 என்பது காய்ந்த எடைக்கு. ஊறி மூன்று மடங்கானபின் 100 கிராமில் சுமார் 17 கிராம்தான் இருக்கும். அதுவும் நல்ல அளவே. ஒருவருக்கு ஒரு வேளைக்குக் காய்ந்த எடையில் 25 கிராம், அதாவது 13 கிராம் புரதம் போதும். கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. கொலஸ்டிரால் அறவே இல்லை. இதைத் தின்றால் இரத்தக் கொழுப்பு மளமளவென்று இறங்கிவிடும் என்று எண்ணாதீர்கள். சோயாவால் நேரடியாகக் குறைவது கொஞ்சம்தான். கொழுப்புக் கறியின் இடத்தில் இது உட்காருகிறதே, அதுதான் பெரிய லாபம்.

சாமைச் சோற்றோடு இது நல்ல ஜோடி. தானியத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற சத்தை சோயா ஈடு செய்யும். வைட்டமின் பி12 மட்டும் இதில் இயற்கையாகக் கிடையாது. ஆகவே முட்டையும் கறியும் தொடாதவர்கள் பாலையும் தயிரையும் விடக்கூடாது. சின்னக் குழந்தைகளுக்கு உதிர்த்து, மசித்துக் கொடுங்கள். சோயா ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு, மூச்சுத் திணறல் வருகிறவர்கள் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாலு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

குழம்பு இறங்கியது. திண்ணையில் இலை போட்டாள் நாத்தனார். சாமைச் சோறும் குழம்பும் பரிமாறியது ஆயா. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

“என்ன குழம்பு?” என்றார் இவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா, “மீல்மேக்கருங்க” என்று பளிச்சென்று சொல்லிவிட்டார்.

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு வாய் எடுத்தார். மென்றார். பேசவில்லை. இன்னொரு வாய். பிறகு, “கறி இல்லைன்னு தெரியுது” என்றார்.

போச்சு என்று நினைத்தேன்.

“ஆனா இது நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்க.”

அன்று மாலை ஏரிக்கரையில் நடக்கும்போது அவராகவே பேசினார். “கறி இல்லாதது பெரிசில்லே. நோயாளிக்குப் போடற மாதிரி என்னமோ போட்டு, அதுக்குக் கறின்னு பேர் வெச்சியே, அதுதான் மனசு விட்டுப் போச்சு” என்றார். இரண்டு வருடமாக அவர் தட்டைத் தள்ளியது ருசிக்காக மட்டும் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. “இனிமே பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் எனக்குத் தெரியாம கடைக்குப் போகாதீங்க” என்றேன். சிரித்தார். “உனக்குத் தெரியுமா!” என்றார்.

நாலாம் நாள் மலையிறங்கும்போது பையில் இரண்டு கிலோ சாமை, ஒரு பாட்டில் தேன், கொஞ்சம் புளி. ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிரியாணி வாசனை மூக்கைத் துளைத்தது. அவர் ஒரு நிமிஷம் நின்றார். நானும் நின்றேன். பிறகு பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தார்.

இப்போது எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் இந்தக் குழம்பு. அதன் பெயர் மீல்மேக்கர் குழம்பு. கறிக் குழம்பு அல்ல. நீங்களும் உங்கள் வீட்டில் செய்து பாருங்கள், சகோதரிகளே. மூன்று முறை அலசிப் பிழிய மறக்காதீர்கள். அதைவிட முக்கியம், பரிமாறும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.