சருகைக் கொளுத்தாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,



மாந்தோப்புச் சருகையெல்லாம் போகியன்று கூட்டிக் கொளுத்தப் போவதாகப் போனில் சொன்னாயே, அதற்காகத்தான் எழுதுகிறேன். வேண்டாம்டா. தீ வைத்தால் சருகிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு புகையோடு போய்விடும். சாம்பல்சத்து, சுண்ணாம்பு போன்றவைதான் மிஞ்சும். போன தழைச்சத்துக்கு நீ யூரியா மூட்டை வாங்க வேண்டும்.

மரத்தடியில் உட்கார்ந்து சருகை அடுக்கடுக்காக விலக்கிப் பார். மேலே மொடமொடவென்று முழு இலை. அடுத்தது ஈரமாக, கரும்புள்ளி விழுந்திருக்கும். அதற்கும் கீழே சதை கரைந்து நரம்பு மட்டும் நிற்கும். இலைகளுக்கு நடுவே வெள்ளை இழை ஓடும். அது பூஞ்சை. அடியில் கறுத்த மட்கு.

மரவட்டையும் மண்புழுவும் இலையைத் துண்டாக்கத் துண்டாக்க, பாக்டீரியாவும் பூஞ்சையும் பற்ற இடம் கூடுகிறது. சர்க்கரையும் மாவுச்சத்தும் முதலில் தீரும், செல்லுலோஸ் பிறகு. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் கடைசி வரை நிற்கும். அதை உடைக்கத் தெரிந்தவை பெரும்பாலும் பூஞ்சைகள்தான். இப்படி உடைந்து வரும் சத்தைத்தான் வேர் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

தோப்பில் செத்துக் கிடக்கும் அணிலுக்கும் இதே கதிதான். சில மணி நேரத்தில் ஈ வந்து முட்டையிடும். புழு சதையைத் தீர்க்கும், தோலையும் மயிரையும் வண்டுகள் அரிக்கும், மிச்சம் மண்ணோடு சேரும்.

வேலியோரக் கறையான் புற்றையும் இடிக்காதே. அந்தக் கறையானால் சருகைத் தனியாகச் செரிக்க முடியாது. மென்று விழுங்கிக் கொண்டுபோய், புற்றுக்குள் கழிவாக வெளியேற்றிக் கடற்பஞ்சு மாதிரி அடுக்கி, அதில் பூஞ்சை வளர்த்து, அது பக்குவப்படுத்தியதைத் தின்கிறது. மழைக்குப் பிறகு நாம் பறித்து வந்து குழம்பு வைப்போமே புற்றுக்காளான், அது அந்தப் பூஞ்சையிலிருந்து முளைப்பதுதான்.

சருகை மரத்தைச் சுற்றிப் பரப்பு, அடிமரத்தை ஒட்டாமல் ஓரடி தள்ளி. மிஞ்சியதைக் குவித்துச் சாணக் கரைசல் தெளி. சருகில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. சாணம் அதை ஈடுகட்டும். ஈரம் காயவிடாதே. நுண்ணுயிர்களின் வேலை மும்முரமானால் குவியல் உள்ளே 60 டிகிரி வரைகூடச் சூடேறும். நடுவில் கம்பைச் செருகிச் சற்று நேரம் விட்டு எடுத்துத் தொட்டுப் பார், தெரியும்.

செத்ததைச் சத்தாக்கித் தர இத்தனை உயிர்கள் கூலி கேட்காமல் உழைக்கின்றன. நம் தோப்பில் அவை பிழைத்திருக்க வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிப்போய்ச் சருகை விலக்கிக் காட்டு. மரவட்டையைக் கண்டால் மிதிக்க வேண்டாம் என்று சொல்லு.

அன்புடன்,
அக்கா