நாலு போர்ஷன் திரை

வீட்டிலிருந்தபடியே தமிழ்ப் புத்தகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறேன். பழைய பதிப்பின் ஸ்கேன் ஒரு ஜன்னலில், டைப் செய்த பக்கம் இன்னொன்றில். ஒன்றை மறைத்து மற்றதைத் திறந்து, மாறி மாறிப் பார்த்ததில் ஒருமுறை முழுப் பத்தியே விட்டுப்போனது. அச்சான பிறகுதான் தெரிந்தது. அடுத்த மூன்று மாதம் எனக்கு வேலை வரவில்லை.

அடையாறிலிருந்து வந்திருந்த அக்கா பேரன் சிரித்தான். "விண்டோஸ் பட்டனை அழுத்திக்கிட்டே இடது அம்புக்குறியைத் தட்டுங்க பாட்டி." ஸ்கேன் பாதித் திரையில் போய் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றுக்கு வலது அம்பு. இரண்டும் அருகருகே! மேல் அம்பையும் தட்டினால் கால் திரை.

நான் வளர்ந்தது மயிலாப்பூரில் ஒண்டுக்குடித்தன வீடு. ஒரு முற்றம், நாலு போர்ஷன், நாலு அடுப்பு. என் திரையும் அப்படி ஆனது. 1985-ல் வந்த முதல் விண்டோஸே இப்படித்தானாம். ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய முடியாது. அது 1987-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் முடிந்தது.

வேலை திரும்பி வந்தது. மூலையில் ஒரு கால் திரையை, வெளிநாட்டில் இருக்கும் மகளின் வீடியோ காலுக்கு ஒதுக்கினேன். பேசிக்கொண்டே புரூஃபும் பார்க்கலாமே!

நாலாம் நாள் அவள் கேட்டாள்: "அம்மா, நீ என்னைப் பார்க்கவே இல்லையே?"

ஜன்னலின் தலைப்புப் பட்டையை இரண்டு முறை தட்டினேன். திரை முழுக்க அவள் முகம். கண்ணுக்குக் கீழே கருவளையம். நாலு நாளாக அதை நான் கவனிக்கவே இல்லை.