பாவாடை கட்டிய துச்சாதனன்

காஞ்சிபுரத்தையும் உத்திரமேரூரையும் சூழ்ந்த ஊர்ப்புறத்தில், திரௌபதி அம்மன் திருவிழாக் காலங்களில் விடிய விடிய ஆடப்படும் கட்டைக்கூத்து, ஆணின் உடை பற்றிய பொதுத் தீர்ப்புகளை அவிழ்த்துப் பார்ப்பதற்கு ஏற்ற களமாகும். தெருக்கூத்து என்றும் வழங்கும் இக்கலையில் ‘கட்டை’ என்பது மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் ஆகியவற்றைக் குறிக்கும். துரியோதனன், கர்ணன், துச்சாதனன் போன்ற வீரர்கள் பூணும் இந்தக் கட்டை வேடத்தின் கீழ்ப்பகுதி, இடுப்பைச் சுற்றி அகன்று நிற்கும் பாவாடையாகும். திரௌபதி முதலான பெண் வேடங்களையும் மரபாக ஆண்களே ஏற்று வந்தனர். ஆகவே துகில் உரியும் காட்சியில், சேலை கட்டிய ஓர் ஆணின் முந்தானையைப் பாவாடை கட்டிய இன்னோர் ஆண் பற்றி இழுக்கிறான். பார்த்திருக்கும் ஊர் துச்சாதனனைக் கண்டு நடுங்குமே தவிர, அவனது பாவாடையைப் பெண்மையின் அடையாளமாகக் கொள்வதில்லை. உடை வேடத்துக்கு உரியது, உடலுக்கு அன்று என்பதனால்தான், கூத்துக் கலைஞர் பி. ராஜகோபால் புஞ்சரசந்தாங்கலில் நடத்திய குருகுலத்தில் சிறுமிகளும் கட்டை கட்டி ஆடப் பயின்றனர்.

வேட்டியும், இரு முனைகளை மூட்டிய கைலியும் ஆணுக்கு உரியனவாக இருக்கும் நிலத்தில் வீரன் பாவாடை கட்டுவது வியப்பன்று. இரண்டும் அமைப்பில் பாவாடைக்கு நெருங்கியவையே. 2014-இல் வேட்டி அணிந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சென்னையில் ஒரு மனமகிழ் மன்றத்தின் வாயிலில் தடுக்கப்பட்டபோது, அத்தகைய தடையை விலக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டே சட்டம் இயற்றியது.

ஐயம் எழுவது பெண் வேடக்காரரிடத்தில்தான். இரவில் திரௌபதியாக அழுதவர் பகலில் வேட்டியை மடித்துக் கட்டி வயலில் நிற்கும்போதும், சிலர் அவர் நடையை உற்று நோக்கி, அவர் யாரை விரும்புவார் என்று கேலியாக வினவுகின்றனர். இவ்வினாவில் உடுத்தும் துணியும், ஒருவர் தம்மை ஆண் என்றோ பெண் என்றோ இரண்டும் அல்லாதவர் என்றோ உணரும் பாலின அடையாளமும், மனம் யாரை நாடுகிறது என்னும் பாலீர்ப்பும் ஒன்றாகக் குழைக்கப்படுகின்றன. தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை 2014 ஏப்ரல் 15 அன்று ஏற்ற உச்ச நீதிமன்றம், ஒருபாலீர்ப்பைக் குற்றத்தினின்று நீக்கியது வேறொரு வழக்கில், 2018 செப்டம்பர் 6 அன்று. சட்டம் பிரித்தறிந்ததை ஊர்ப்பேச்சு இன்னும் பிரித்தறியவில்லை.

கேலியைவிட வருத்தம் தருவது, கலைஞர்மேல் அன்பு கொண்டோர் கூறும் மறுமொழி. ‘அவருக்கு மனைவி மக்கள் உண்டு, வேடம் வேறு, ஆள் வேறு’ என்று அவர்கள் சொல்லும்போது, ஆணை விரும்பும் ஆண் இழிந்தவன் என்னும் எண்ணத்தை ஒப்புக்கொண்டு, கலைஞரை மட்டும் அதிலிருந்து மீட்கின்றனர். கூத்துக் களத்தின் ஓரத்தில், ஆணை விரும்பும் ஓர் இளைஞனோ, சேலையை வேடமாக அன்றித் தன் உடையாகவே கருதும் ஒரு பிள்ளையோ அமர்ந்திருந்தால், அந்த மறுமொழி அவர்கள் காதிலும் விழுகிறது.